இடது ஓரத்தில் நின்றவன்

நவம்பர் 3, 1965

போர் நிறுத்தம் அறிவித்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆனாலும் எதிர்ப்பக்கத்துப் பாகிஸ்தான்காரன் தினமும் காலையில் நாலு தடவை சுட்டு எங்களுக்குச் சலாம் சொல்கிறான். நாங்களும் பதில் சலாம் போடுகிறோம். மற்ற நேரமெல்லாம் கரும்புத் தோட்டத்துக்குள் குழி வெட்டுகிறோம், வெட்டின குழியை ஆழமாக்குகிறோம், ஆழமாக்கினதில் தண்ணீர் ஊறினால் இறைக்கிறோம். இதற்குப் பெயர் பாதுகாப்பு.

இன்று கர்னல் வந்திருந்தார். அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. தேவாசீர்வாதம் என்பது பஞ்சாபி நாக்கில் புரளாது. பாளையங்கோட்டையில் கல்லூரி பி.டி. மாஸ்டராக இருந்து கால்பந்தாட்டம் பழக்கியவன் என்று தெரிந்த நாளிலிருந்து அவருக்கு நான் 'கோச்'தான். எனக்கும் அது பிடித்திருக்கிறது. லெப்டினன்ட் என்று யாராவது கூப்பிட்டால் இன்னும் பின்னால் வேறு யாரோ நிற்பதாகத்தான் தோன்றுகிறது.

அவர் கொண்டுவந்த செய்தி: டிசம்பரில் பிரிகேட் கோப்பைக்குப் பந்தாட்டப் போட்டி. கோப்பை நம் மெஸ் அலமாரியில் இருக்க வேண்டும், பொறுப்பு உன்னுடையது என்றார். சந்தோஷத்தில் எனக்குத் தூக்கம் வராது போலிருக்கிறது. மூன்று வருடமாக இந்த ஆட்கள் சொல்லிக்கொடுத்ததை நான் படித்தேன். இப்போது எனக்குத் தெரிந்ததை நான் செய்யப்போகிறேன்.

ஆளும் இருக்கிறான். லான்ஸ் நாயக் இசக்கிமுத்து, என் கல்லூரி மாணவன். சீனாக்காரன் சண்டைக்கு வந்த வருடம் மைதானத்தில் பையன்களை நிறுத்தி நாட்டுக்காகப் போங்கள் என்று நான் பிரசங்கம் பண்ணினேன். "நீங்க போகலியா சார்?" என்று எவனோ பின்வரிசையில் கேட்டுவிட்டான். ரோஷத்தில் நானே போய் எழுதிக்கொடுத்தேன். என் பின்னாலேயே இசக்கியும் வந்தான். நான் ஆபீசர், அவன் சிப்பாய். வேறு கம்பெனியில் கிடந்தவனை, பந்தாட்ட அணிக்கு வேண்டுமென்று கர்னலிடம் சொல்லி என் பிளட்டூனுக்கு வாங்கிக்கொண்டதும் நான்தான்.

அவனுக்கு அம்மா அப்பா இல்லை. பீடி சுற்றி அவனை வளர்த்தது அக்கா பேச்சியம்மாள். அவளுக்கு என்னைக் கண்டாலே ஆகாது. கடைசியாகப் பார்த்தபோது பீடித் தட்டைக்கூட மடியிலிருந்து இறக்காமல் சொன்னாள்: "எந்தம்பி கால வெச்சு நீங்க பேரு வாங்குனீய. அவன் பரீட்சையில கோட்டை விட்டான். இப்பம் பட்டாளத்துக்கும் கூட்டிட்டுப் போறீய. இன்னும் என்ன வேணும் உங்களுக்கு?"

நல்ல பெண்மணி. வாய்தான் கொஞ்சம் நீளம்.

நவம்பர் 8

பின்னால் அறுவடையான வயலில் பயிற்சி. மூங்கிலை நட்டுக் கோல் கம்பம் ஆக்கியிருக்கிறோம். சமையல்காரன் முதல் டிரைவர் வரை எல்லாரும் பெயர் கொடுத்துவிட்டார்கள். பாதிப் பேருக்குப் பந்து உருண்டை என்பது மட்டும்தான் தெரியும்.

கடைசியில் ஒரு வேடிக்கை ஆட்டம் வைத்தேன். வெளிச்சம் மங்கிவிட்டது, போதும் என்று என் பிளட்டூன் சுபேதார் குஞ்ஞிராமன் சொன்னார். இன்னும் ஒரு கோல் என்றேன். இசக்கி பந்தோடு வந்த வேகத்தில் பழைய டிராக்டர் தடத்தில் கால் இறங்கி விழுந்தான். வலது கணுக்கால். தடம் அங்கே கிடந்ததற்கு யார் என்ன செய்ய முடியும்?

நவம்பர் 9

இசக்கியின் கால் வீங்கியிருக்கிறது. பூட்ஸ் வாரைத் தளர்த்தித்தான் மாட்ட முடிகிறது.

"டாக்டர்கிட்ட அனுப்பட்டுமா, சாப்?" என்று சுபேதார் கேட்டார். அவர் கண்ணூர்க்காரர். பதில் கிடைக்கிறவரைக்கும் அந்த இடத்தை விட்டு நகராமல் நிற்பது அவர் பழக்கம்.

முறைப்படி அனுப்பத்தான் வேண்டும். அனுப்பினால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியாதா? இங்கிருந்து டாக்டர் கூடாரம், அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரி. கால் சரியாகி வெளியே வரும்போது எங்கே ஆள் குறைகிறதோ அங்கே தள்ளிவிடுவார்கள். போன மாதம் ஜுரத்தில் போனவன் இன்னும் வந்து சேரவில்லை. இசக்கி தெரியாத இடத்தில் போய்க் கஷ்டப்படுவான். அவனுக்காகத்தான் யோசித்தேன்.

அவனிடமே கேட்டேன்.

"எனக்கு ஒண்ணும் இல்ல சார். நான் நிப்பேன்" என்றான்.

இதை மைதானத்தில் எத்தனை தடவை கேட்டிருக்கிறேன்! பந்தாட்டத்தில் மாற்று ஆள் கிடையாது. இறங்கின பதினோரு பேர்தான் கடைசிவரை. ஒருவனுக்கு அடிபட்டால் வெளியே கூப்பிட்டுவிட்டுப் பத்துப் பேரோடு ஆடலாம். எந்தக் கோச்சும் அப்படிச் செய்ய மாட்டான். நொண்டுகிறவனை இடது ஓரத்தில் நிறுத்திவைப்பான். அங்கே அவன் ஓட வேண்டாம். சும்மா நின்றாலே எதிரணி ஒரு ஆளை அவனுக்காக ஒதுக்க வேண்டியிருக்கும்.

அறுபத்தொன்றில் இறுதி ஆட்டத்தில் இதே இசக்கிக்கு முழங்கால் போனபோது அப்படித்தான் நிறுத்தினேன். நொண்டிதானே என்று எவனும் அவனைக் கவனிக்கவில்லை. கடைசி நிமிடங்களில் பந்து எங்கெங்கோ பட்டு அவன் காலடிக்கு வந்தது. நல்ல காலால் ஒரே தட்டு. கோப்பை எங்களுக்கு. அந்தக் கதையை நான் சொல்லாத ஊர் இல்லை.

எங்கள் பிளட்டூனின் இடது கோடியில், வாய்க்கால் வளைகிற இடத்தில் ஒரு காவல் குழி இருக்கிறது. இரண்டு பேர் இருந்தால் போதும். முன்னால் வாய்க்கால் நிறையத் தண்ணீர், அதற்கப்பால் சேறு. அந்தப் பக்கம் ஒரு நாய்கூட வராது. இசக்கியை அங்கே போட்டுவிட்டேன். உட்கார்ந்தபடியே காவல். ஒரு மாதத்தில் கால் சரியாகிவிடும்.

சுபேதார், "டீக் ஹை, சாப்" என்றார். அந்தச் 'சரி'யைக் கொஞ்சம் தாமதமாகச் சொன்னார்.

நவம்பர் 12

கம்பளி வந்தது. கையுறை வரவில்லை. எங்கள் குளிரைப் பற்றித் தலைமையகத்தில் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறவனுக்கு என்ன தெரியும்.

நவம்பர் 18

இடது கோடிக்குப் போய் இசக்கியைப் பார்த்துவிட்டு வந்தேன். குழிக்குள் காலை ஒரு மணல் மூட்டைமேல் தூக்கிவைத்து உட்கார்ந்திருந்தான். கூட இருக்கும் சிப்பாய் டீ போட்டுக்கொண்டிருந்தான்.

"கால் எப்படிலே இருக்கு?"

"பூட்ஸுக்குள்ளதான் இருக்கு சார். வெளிய எடுத்துப் பாக்கத்தான் பயமா இருக்கு."

எழுந்து நிற்கச் சொன்னேன். நின்றான். நடக்கச் சொன்னேன். நடந்தான், கிட்டத்தட்ட. ஓட்டத்தைப் பற்றி நான் கேட்கவில்லை.

"சார், வாய்க்கால்ல தண்ணிய மேல எங்கயோ அடைச்சிட்டாவ போல. போன வாரம் இடுப்பளவு கெடந்துச்சு. இப்பம் அடி தெரியுது."

"சேறு கிடக்குலே. அதுக்குள்ள எவன் வருவான்?"

"இல்ல, சும்மா சொன்னேன். இங்க ஒண்ணும் வராதுலா சார்?"

"வந்தா உன் அதிர்ஷ்டம். அன்னைக்கு மாதிரி ஒரு கோல் போட்டுட்டு வா."

விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு சொன்னான்: "அக்காவுக்கு எழுதியிருக்கேன் சார். கால் சரியில்லைன்னு சார் என்னைய ஓரத்துல பத்திரமா வெச்சிருக்காவன்னு. உங்க மேல உள்ள கோவம் அவளுக்குக் கொஞ்சமாது குறையட்டும்."

திரும்பி வரும்போது அணியை மனதுக்குள் அடுக்கிக்கொண்டே வந்தேன். சென்டர் ஃபார்வர்டு இடத்தில் அவனைத் தவிர வேறு ஆளே இல்லை. வாய்க்கால் விஷயத்தைச் சுபேதாரிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். கோல் கம்ப மூங்கில் ஒன்று பிளந்துவிட்டதாக எவனோ வந்து சொன்னான். அதைப் பார்க்கப் போய்விட்டேன்.

நவம்பர் 24

இசக்கிமுத்து போய்விட்டான்.

நவம்பர் 25

நேற்று விடியும் நேரம் பனி மூட்டம். பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. வற்றின வாய்க்காலுக்குள் இறங்கி, அதன் வழியாகவே வந்திருக்கிறார்கள். பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கும். சேற்றின் மேல்பரப்பு காய்ந்து கெட்டியாகியிருந்திருக்கிறது. எல்லாம் முடிந்த பிறகு நானே இறங்கி நடந்து பார்த்தேன். நன்றாகத்தான் தாங்குகிறது.

இசக்கிதான் முதலில் சத்தம் கேட்டவன். கூட இருந்தவனை ஓடிப் போய் எங்களை எழுப்பச் சொல்லியிருக்கிறான். அந்தக் குழியில் இருப்பவர்களுக்கு உத்தரவே அதுதான்: யாராவது வந்தால் இரண்டு பேரும் பின்னால் ஓடிவந்து எங்களோடு சேர்ந்துகொள்ள வேண்டும். இரண்டு பேரும் என்றுதான் உத்தரவு. நான்தான் படித்துக்காட்டினேன்.

ஓட முடிந்தவன் வந்து சேர்ந்தான்.

நாங்கள் போய்ச் சேரும்வரை இசக்கியின் துப்பாக்கிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு கேட்கவில்லை. வந்தவர்கள் திரும்பி ஓடிவிட்டார்கள். பிளட்டூனில் வேறு யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

எல்லாரும் அவனைப் புகழ்கிறார்கள். கர்னல் மெடலுக்கு எழுதப்போகிறாராம்.

நவம்பர் 27

அவன் சாமான்களை நானே கட்டினேன். இரண்டு சட்டை, ஒரு சீப்பு, அக்கா அனுப்பின கருப்பட்டி மிட்டாய் பாதி டப்பா, பந்தாட்ட பூட்ஸ். பூட்ஸுக்கு எண்ணெய் போட்டுத் துணியில் சுற்றிவைத்திருந்தான். அதில் வலது பூட்ஸில் மட்டும் கயிறு முழுக்கத் தளர்ந்திருந்தது. வீங்கின காலில் மாட்டிப் பார்த்திருப்பான் போலிருக்கிறது. எனக்கு அழுகை வந்துவிட்டது. கூடாரத்தில் யாரும் இல்லை, நல்ல வேளை.

பேச்சியம்மாளுக்குக் கடிதம் எழுதினேன். கடைசிவரை தன் இடத்தை விடாமல் நின்றான் என்று எழுதினேன். பொய் இல்லை.

டிசம்பர் 1

கர்னல் கூப்பிட்டு விசாரித்தார். கூட இருந்தவன் ஓடி வந்தானே, லான்ஸ் நாயக் ஏன் வரவில்லை என்றார். காலில் லேசான சுளுக்கு இருந்தது, பெரிதாக ஒன்றுமில்லை, அவன் விரும்பித்தான் நின்றிருக்க வேண்டும் என்றேன். சுபேதார் பக்கத்தில் இருந்தார். அவரையும் கேட்டார். "தேவா சாப் சொன்னதுதான், சாப்" என்றார்.

வெளியே வந்ததும் சுபேதாரிடம், "என்னமாவது சொல்லணும்னா சொல்லிடுங்க" என்றேன்.

"என்ன சொல்ல, சாப்? அன்னைக்கு நான் ஒரு தடவ கேட்டேன். ரெண்டாந்தடவ கேக்கல. எனக்கும் அந்தக் கோப்பை வேணும்னு இருந்தது."

அவரைவிடப் பெரிய பதவியில் இருக்கிறவன் நான். அவருக்கு வாயில் வந்தது எனக்கு வரவில்லை.

டிசம்பர் 19

பிரிகேட் கோப்பையை வென்றோம். இரண்டுக்கு ஒன்று. சென்டர் ஃபார்வர்டாக ஒரு டிரைவரை இறக்கினேன். மோசமில்லை, ஒரு கோல் அவனே போட்டான். இசக்கி இல்லாமலே நடந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு அவன் இந்தச் செய்தியைக் கேட்டிருக்கலாம். 'நான் இருந்திருந்தா அஞ்சு கோல்லா சார்' என்று எழுதியிருப்பான்.

எல்லாரும் என்னைத் தோளில் தூக்கினார்கள். கர்னல் "கோச்! கோச்!" என்று கத்தினார். இறக்கிவிடுங்கள் என்று நானும் கத்தினேன். சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

ஜனவரி 22, 1966

லீவில் ஊருக்கு வந்திருக்கிறேன். மூன்று நாள் சாக்குப்போக்குச் சொல்லிவிட்டு இன்று பேச்சியம்மாள் வீட்டுக்குப் போனேன். அவள் என்னைப் பார்த்ததும் கத்துவாள், பீடித் தட்டைத் தூக்கி எறிவாள், தெருவே கூடும் என்று தயாராகப் போயிருந்தேன். அதுதான் நியாயம். அப்படி நடந்தால் நானும் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன்.

அவள் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். பக்கத்துக் கடைக்கு ஓடிக் கலர் சோடா வாங்கிவந்தாள்.

"உங்கள எவ்வளவோ ஏசிருக்கேன் சார். மனசுல வெச்சுக்காதீய. தம்பி எழுதினான். கால் நோவுன்னதும் ஓடவிடாம, சண்டைக்கு விடாம, ஓரமா ஒக்கார வெச்சீயளாம்லா. பெத்த தாய்கூட அப்பிடிப் பாக்க மாட்டா. அவன் விதி, அங்கயும் வந்துட்டு."

அந்தக் கலரை எப்படிக் குடித்து முடித்தேனோ தெரியாது. பூட்ஸைக் கொடுத்தேன். மடியில் வைத்துக்கொண்டாள். அவள் ஏசாமல் இருப்பதை என்னால் தாங்க முடியவில்லை. ஒரு வார்த்தை சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. எதிரில் துப்பாக்கியோடு வந்தவனைப் பார்த்தபோது இவ்வளவு பயம் இல்லை.

குடியரசு தினத்தன்று கல்லூரியில் இசக்கியின் பெயரில் கோப்பைப் போட்டி வைக்கிறார்கள். நான் தலைமை. கோப்பையைக் கொடுக்கப்போவது அவள்.

ஜனவரி 26

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். இத்தனை நாள் இந்த நோட்டில்கூட அப்படி எழுதவில்லை.

மைதானம் நிறையக் கூட்டம். என் பழைய மாணவர்கள் பாதிப் பேர் வந்திருந்தார்கள். பேச்சியம்மாளுக்கு முன்வரிசையில் என் பக்கத்து நாற்காலி. அவளுக்குச் சால்வை போட்டார்கள். கோப்பை முன்னால் மேஜையில் இருந்தது. எங்கள் கல்லூரியும் தூத்துக்குடி அணியும் ஆடின. நான் யூனிபார்மில் இருந்தேன்.

முதல் பாதியிலேயே எங்கள் பையன் ஒருவன் மோதி விழுந்தான். எழுந்தபோது வலது காலை ஊன்ற முடியவில்லை. எனக்குப் பிறகு வந்த பி.டி. மாஸ்டர் ஓடிப்போய்ப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, மரியாதை செய்வது போலச் சிரித்து, இடது ஓரத்தைக் கையால் காட்டினார். பையன் நொண்டிக்கொண்டே அங்கே போய் நின்றான். கூட்டம் முழுவதும் கைதட்டியது. அறுபத்தொன்றாம் வருடக் கதை எல்லாருக்கும் தெரியும். நான்தானே சொல்லிப் பரப்பினேன்.

பேச்சியம்மாளும் தட்டினாள். "இப்பிடித்தான் சார் எந்தம்பியும் நின்னான். நான் அந்தா அந்த வேலி ஓரமா இருந்து பாத்தேன்" என்றாள். பிறகு கோபமே இல்லாமல், தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகக் கேட்டாள்: "ஓரத்துல ஒண்ணும் வராதுன்னுதானே சார் நிப்பாட்டுவாவ? பொறகு எப்பிடி அங்க வந்தானுவ?"

நான் எழுந்து மைதானத்துக்குள் போனேன்.

யோசித்துச் செய்ததில்லை. ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. ரெஃப்ரி விசில் மேல் விசிலாக ஊதினார். "சார், நீங்க உள்ள வரப்படாது" என்று ஓடிவந்தார். நான் நேரே அந்தப் பையனிடம் போனேன். முகமெல்லாம் வியர்த்து, உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றான்.

"வெளிய வா."

"எனக்கு ஒண்ணும் இல்ல சார். நான் நிப்பேன் சார்."

"தெரியும்லே. நீ நிப்ப. வா."

அவன் கையை எடுத்து என் தோளில் போட்டுக்கொண்டேன். அவன் அழுதான், வலியினாலா வெட்கத்தினாலா தெரியவில்லை. நாங்கள் எல்லைக்கோட்டைத் தாண்டுவதற்குள் கூட்டம் ஊளையிட ஆரம்பித்துவிட்டது. பத்துப் பேரை வைத்து எப்படி ஆடுவது என்று பி.டி. மாஸ்டர் என்னிடம் கெஞ்சினார். எவனோ, "பட்டாளத்துல போயி மூளை குழம்பிட்டு" என்றான். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பையனை என் நாற்காலியில் உட்காரவைத்து, பூட்ஸைக் கழற்றி, குடிக்க வைத்திருந்த பானைத் தண்ணீரை அவன் காலில் ஊற்றினேன். அதே வீக்கம். அதே இடம்.

ஆட்டம் மறுபடி தொடங்கியது. எங்கள் பத்துப் பேரும் திணறினார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு கோல் வாங்கினார்கள். நான் தரையில் அந்தக் காலைப் பிடித்தபடி இருந்தேன்.

பேச்சியம்மாள் நாற்காலியிலிருந்து குனிந்தாள். பையன் காலைப் பார்த்தாள். காலியாகக் கிடந்த இடது ஓரத்தைப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அப்பம், வெளிய கூப்பிடலாமா சார்?"

நான் நிமிர்ந்தேன்.

"எறங்குனவன் கடைசிவரைக்கும் உள்ளதான் நிக்கணும், அதுதான் சட்டம்னு நெனச்சிட்டு இருந்தேன். நொண்டுனாலும் வெளிய கூப்பிட முடியாதுன்னு. கூப்பிடலாமா?"

"கூப்பிடலாம்" என்றேன்.

"அங்கயுமா?"

"அங்கயும்தான்."

"யாரு கூப்பிடணும்?"

"நான்தான் கூப்பிட்டிருக்கணும்."

அவள் ஏசவில்லை. சால்வையைத் தோளிலிருந்து எடுத்து மடித்து மேஜைமேல் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள். எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. ஆட்டம் முடிய இன்னும் நிறைய நேரம் இருந்தது. அதுவரைக்கும் அவள் பந்தைப் பார்க்கவே இல்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.